ஏணி ரோடும் மாறிப்போன சைக்கிளும்

ஒரு மழைக்காலம் முழுக்க என் வீட்டுக்காரருக்கு ரசம் கட்டிக் கொடுக்காமல் இருந்தேன். ரசத்தின் மேல் எங்கள் இரண்டு பேருக்கும் எந்த விரோதமும் இல்லை. விரோதமெல்லாம் ரோட்டோடுதான். மூடியை எவ்வளவு இறுக்கினாலும் டிபன் கேரியரின் அடுக்குகளுக்கு நடுவே ரசம் கசிந்து, பை நனைந்து, பையிலிருந்து அவருடைய காக்கிக் கால்சட்டைக்கு வந்து சேர்ந்துவிடும். மைன்ஸில் வேலைக்குப் போய் இறங்குகிற மனுஷன் புளி வாசனையோடு இறங்கினால் கூட வேலை செய்கிறவர்கள் சும்மா விடுவார்களா? "என்னய்யா, இன்னிக்கு உங்க வீட்ல தக்காளி ரசமா?" என்று கால்சட்டையைப் பார்த்தே கேட்டார்களாம். அன்றோடு நிறுத்தினேன்.

எழுபதுகளின் கடைசி அது. நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸ் இருந்த பிளாக்கிலிருந்து மைன்ஸுக்குப் போகிற ரோடு பார்க்க லட்சணமாக இருக்கும். இரண்டு பக்கமும் மரம், நடுவில் கறுப்பாக வழுவழுவென்று தார். ஒரு நாள் விடியற்காலையில் பாரம் ஏற்றிவந்த லாரி ஒன்று அந்த ரோட்டை விட்டு இறங்கி ஒரு புளியமரத்தில் போய் முட்டி நின்றது. டிரைவர் தூங்கிவிட்டாராம். நல்ல வேளையாக அப்போது சைக்கிள் கூட்டம் கிளம்பியிருக்கவில்லை. டிரைவருக்கும் நெற்றியில் ஒரு புடைப்போடு போயிற்று.

அதற்குப் பிறகுதான் ரோட்டின் இரண்டு ஓரத்திலும் அந்தச் சமாசாரத்தைப் போட்டார்கள். ஜல்லியும் தாரும் கலந்து, விரல் தடிமனுக்குக் குறுக்குக் குறுக்காக மேடு. ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் ஒரு சாண்கூட இருக்காது. ஓரம் நெடுக அப்படியே போகும். தூங்குகிற டிரைவரின் லாரி ஓரம் கட்டினால் சக்கரம் அதன் மேல் ஏறி 'கடகட'வென்று உலுக்கி அவரை எழுப்பிவிடும். யோசனை நல்ல யோசனைதான். லாரி ஓரம் கட்டுகிற அதே இடத்தில்தான் ஊர்ப்பட்ட சைக்கிளும் போகிறது என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

அதற்கு என்ன பேர் என்று எங்களுக்குத் தெரியாது. ஏணியைப் படுக்கப் போட்ட மாதிரி இருந்ததால் ஏணி என்றோம். ரோட்டுக்கு ஏணி ரோடு என்று பேர் வந்துவிட்டது.

அதில் சைக்கிள் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். மட்கார்டு கதறும். டைனமோ விளக்கின் பல்பு தானாகக் கழன்று விழும். எங்கள் பிளாக்கில் ஒரு பெரியவர், ஓய்வு பெறுகிற வயசு, ஏணி ஆரம்பிக்கிற இடத்தில் சைக்கிளை நிறுத்தி இறங்கி, பொய்ப்பல் செட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் மேலே ஏறுவார். கேட்டால், பல் போனால் பரவாயில்லை, அது போய்ச் சக்கரத்தில் மாட்டிக்கொண்டால் ஆபத்து என்பார்.

ஏணியை விட்டு வெளியே இறங்கிப் போகலாமே என்று கேட்பீர்கள். வெளியே செம்மண். வெயில் காலத்தில் சக்கரம் புதையும், மழைக்காலத்தில் வழுக்கும். சரி, ஏணிக்கு உள்பக்கமாகப் போகலாமே என்றால் அது லாரிக்காரர்கள் ராஜ்ஜியம். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தால் ஒதுங்க இடம் கிடையாது. அவசரத்தில் ஒதுங்கினால் முன்சக்கரம் மேட்டில் இடறும். ஆக, குலுங்கிச் சாவதா, வழுக்கிச் சாவதா, லாரியில் சாவதா என்பதை அவரவர் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

தொழிற்சங்கத்துக்காரர்கள் போய்ப் பேசினார்கள். எதிரில் உட்கார்ந்திருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. "டிரைவர் தூங்கினா அடிபடப் போறது யாரு? நீங்கதானே? உங்களுக்காகத்தான் போட்டிருக்கு" என்றாராம். அதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் திரும்பி வந்துவிட்டார்கள். எனக்கு அந்தப் பதில்தான் ஆத்திரத்தைக் கிளப்பியது. தப்பாகச் சொன்னால் சண்டை போடலாம். பாதி சரியாகச் சொல்கிறவரை என்ன செய்வது?

எங்கள் வீட்டில் இந்த ஏணி தனியாக ஒரு யுத்தத்தை ஆரம்பித்து வைத்தது. என் வீட்டுக்காரருக்கு மைன்ஸில் மண்ணும் கரியும் ஓடுகிற பெல்ட்டைப் பராமரிக்கிற வேலை. ஒரு நாள் எதையோ தூக்கி இடுப்புப் பிடித்துக்கொண்டது. டிஸ்க் கொஞ்சம் விலகியிருக்கிறது, குலுக்கல் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவர் அதையே வேதவாக்காக எடுத்துக்கொண்டு ஏணியைத் தொடாமல் லாரி பக்கமாகப் போக ஆரம்பித்தார்.

"இடுப்பு போனா தைலம் தேய்க்கலாம். ஆளே போனா எதைத் தேய்க்கிறது?" என்றேன்.

"டாக்டர் சொன்னதைக் கேக்கவா, நீ சொல்றதைக் கேக்கவா?"

"டாக்டரா உங்களுக்குச் சோறு பொங்கிப் போடுறார்?"

தினமும் இது நடக்கும். சீட்டின் மேல் பழைய போர்வையை மடித்துக் கட்டிக் கொடுத்துப் பார்த்தேன். மறுநாள் அவிழ்த்துப் போட்டுவிட்டார். கல்யாணத்துக்குப் பெண் அழைத்துப் போகிற வண்டி மாதிரி இருக்கிறதாம். அவர் ஷிப்ட் முடிந்து வருகிற நேரத்தில் எனக்கு எந்த வேலையும் ஓடாது. அடுப்பில் எதை வைத்தாலும் காது வாசலில் இருக்கும். சைக்கிள் மணி சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சு சீராகும். வெளியே மட்டும், "இன்னிக்கும் லாரிக்காரங்க உங்களை வேண்டாம்னு விட்டுட்டாங்களா?" என்று கேட்பேன்.

இனி சைக்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் சைக்கிள் என்றால் கறுப்பு சைக்கிள். பாதிப் பேர் ஒரே கடையில், ஒரே கம்பெனி சைக்கிள், ஒரே மாதிரி பூட்டோடு வாங்கியவர்கள். அந்தப் பூட்டு இருக்கிறதே, பேருக்குத்தான் பூட்டு. இவர் சாவிக்கு அவர் சைக்கிள் திறக்கும், அவர் சாவிக்கு இன்னொருவர் சைக்கிள் திறக்கும். ஷிப்ட் விட்டதும் ஸ்டாண்டில் ஒரே தள்ளுமுள்ளு. நிறுத்திய இடத்தில் நிற்பதை இழுத்து, சாவியைப் போட்டு, திறந்தால் நம்முடையது என்று ஏறிப் போய்விடுவார்கள்.

அதனால்தான் செயின் கவரில் மஞ்சள் பெயின்ட்டால் அடையாளம் எழுதி வைக்கிற பழக்கம் வந்தது. டவுன்ஷிப்காரர்கள் பிளாக்கும் குவார்ட்டர்ஸ் நம்பரும் எழுதுவார்கள். டவுன்ஷிப்புக்கு வெளியே மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு இருந்தவர்கள் தெருவின் பேரை எழுதுவார்கள். வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு செயின் கவரைப் பார்த்து, "அடடா, மாறிப்போச்சே" என்று அந்த நம்பரைத் தேடிப் போய்க் கொடுத்துவிட்டு வருவார்கள். போகிற வீட்டில் சும்மா அனுப்ப மாட்டார்கள். ஒரு தடவை நான் முன்பின் தெரியாத ஒருவருக்கு எலுமிச்சை சாதம் போட்டுக்கொண்டிருந்தபோது, அவர் வீட்டில் என் வீட்டுக்காரர் உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எலுமிச்சை சாதம் சாப்பிட்டவர் கொடுத்து வைத்தவர் என்று இவர் வந்து புலம்பினார்.

அந்த நாள் காலையிலும் சண்டைதான். மழை தூறிக்கொண்டிருந்தது. "இன்னிக்கு மட்டுமாவது ஏணி மேல போங்க" என்றேன். "பாக்கலாம்" என்றார். அவர் பாக்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். எனக்குக் கோபம். புளியோதரையைக் கட்டிக் கையில் கொடுத்துவிட்டு, வாசலில் நின்று பார்க்காமல் உள்ளே வந்துவிட்டேன்.

மத்தியானம் அவருடைய முதல் ஷிப்ட் முடிகிற சங்கு ஊதியது. சாதத்தை வடித்துவிட்டு வழக்கம்போலக் காதை வாசலில் வைத்தேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர் வந்துவிட்டார். எதிர் வரிசையில் இருவர் வந்துவிட்டார்கள். பொய்ப்பல் பெரியவரும் வந்து, கேட்டைத் திறந்து உள்ளே போய்விட்டார். இவரைக் காணோம். மழை விட்டிருந்தது. சாதம் ஆறிக்கொண்டிருந்தது.

அப்புறம் ஒரு சைக்கிள் வந்து எங்கள் வாசலில் நின்றது. ஓடிப் போனேன். யாரோ ஒரு ஆள். இந்தப் பக்கத்துக் கிராமத்துக்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது. எங்கள் கதவில் இருந்த நம்பரை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார்.

"இதானுங்களே அந்த நம்பரு வூடு?" என்றார்.

"ஆமா. என்ன?"

"உங்க வூட்டுக்காரரு சைக்கிளு ஏணி ரோட்டு வளைவாண்ட லாரிக்கு அடியில கெடக்குதுங்க. ஆள ஆஸ்பத்திரிக்குத் தூக்கிகினு போயிட்டாங்க."

அவர் நல்லவர். வேலை விட்டு வீட்டுக்குப் போகாமல், செயின் கவரில் இருந்த நம்பரைப் படித்துவிட்டு எங்கள் வீட்டைத் தேடி வந்திருக்கிறார். ஆனால் அப்படியா சொல்வது? சைக்கிள், லாரி, அடியில், தூக்கிக்கொண்டு. ஒன்றன் மேல் ஒன்றாகக் கல்லைப் போட்ட மாதிரி. "உசுரு இருக்கா?" என்று கேட்டேன். "நான் ஆளப் பாக்கலீங்க. நான் வர்றதுக்குள்ள தூக்கிட்டாங்க" என்றார்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அக்கா ஓடி வந்து, "வூட்ட நான் பாத்துக்கறேன், நீ ஏறும்மா" என்று என்னை அந்த ஆளின் சைக்கிள் கேரியரில் பிடித்து ஏற்றிவிட்டாள். முன்பின் தெரியாத ஆம்பிளையின் பின்னால் உட்கார்ந்து போகிறோமே என்ற நினைப்பெல்லாம் எனக்கு வரவில்லை. செருப்புப் போடாததுகூடப் பாதி வழியில்தான் தெரிந்தது.

அவர் என்னைப் பத்திரமாகக் கொண்டுபோக வேண்டும் என்று ஏணி மேலேயே ஓட்டினார். அதுவரை அந்த ஏணியை நான் வாயால்தான் அறிந்திருந்தேன். எலும்பெல்லாம் தனித்தனியாகக் கழன்று ஆடுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டால்தான் நாக்கு தப்பிக்கிறது. அழலாம் என்றால் அழுகைகூடத் துண்டு துண்டாக வருகிறது. இதில் போகச் சொல்லியா அந்த மனுஷனைத் தினமும் விரட்டினோம் என்று நினைத்தேன். உடனேயே, போயிருந்தால் உயிரோடு இருப்பாரே என்றும் நினைத்தேன். இரண்டும் மாறி மாறி வந்தது.

வளைவில் கூட்டம். லாரியைப் பின்னால் நகர்த்தியிருந்தார்கள். ஏணியின் மேல் அந்தச் சைக்கிள் கிடந்தது. பின்சக்கரம் அப்பளம் மாதிரி நொறுங்கியிருந்தது. செயின் கவரில் மட்டும் கீறல் இல்லை. எங்கள் பிளாக், எங்கள் நம்பர், மஞ்சள் எழுத்தில் பளிச்சென்று இருந்தது. நான் இறங்கவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றேன். அவர் திரும்பிப் பார்க்காமல் மிதித்தார்.

ஆஸ்பத்திரியில் அடிபட்டவர்களை வைக்கிற அறையைக் காட்டினார்கள். போகிற வழியெல்லாம் குலதெய்வத்திடம் என்னென்னவோ வேண்டிக்கொண்டே போனேன். கையோ காலோ எது வேண்டுமானாலும் போகட்டும், ஆளை மட்டும் விட்டுவிடு. இனிமேல் அவரிடம் வாயே திறக்க மாட்டேன் என்றுகூட ஒரு வேண்டுதல் போட்டேன். அந்த வேண்டுதலை மட்டும் நிறைவேற்றவில்லை, அது சாமிக்கும் முன்னாலேயே தெரிந்திருக்கும்.

திரையை விலக்கினேன். கட்டிலில் தோளோடு சேர்த்துக் கட்டுப் போட்டு ஒரு ஆள் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இன்னொரு கையில் காப்பி டம்ளர். முகத்தைச் சுளித்துக்கொண்டு மருந்து குடிக்கிற மாதிரி குடித்துக்கொண்டிருந்தான். இளவயசு, கறுப்பு, சுருட்டை முடி. என் வீட்டுக்காரருக்கு முன்பக்கம் முடியே கிடையாது.

நான் அவனையே பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான்.

"நீ யாரு?" என்றேன்.

"நீங்க யாருங்க?" என்றான்.

"என் வீட்டுக்காரர் சைக்கிள்ல நீ எதுக்குய்யா அடிபட்டே?"

கேட்ட எனக்கே அது என்ன கேள்வி என்று தெரியவில்லை. நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பையன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு யோசித்தான். பிறகு அவனுக்கு விளங்கிவிட்டது.

"அய்யய்யோ, அது என்னுது இல்லீங்களா? சாவி போட்டேன், தெறந்துகிச்சி. மழ வருதேன்னு ஏறிகினு வந்துட்டேங்க. பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிச்சான். ஒதுங்குனேன், அந்த மேட்டுல சக்கரம் வாரிடிச்சி. நான் மண்ணு பக்கம் உழுந்தேன், சைக்கிளு அந்தாண்ட போயிடிச்சி. உங்க சைக்கிளு நெளிஞ்சிடிச்சாங்க?"

தோள்பட்டை எலும்பு உடைந்து உட்கார்ந்திருக்கிறான், என் சைக்கிளைப் பற்றி விசாரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வந்தது. நிஜமாகவே வந்தது. அடுத்தவன் கட்டுப் போட்டுப் படுத்திருக்கிறபோது நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன், சிரிக்கும்போதே அழுகை வந்து, அந்தக் கட்டிலின் கால்மாட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். போன உயிர் திரும்பி வந்தது என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்கிறோம். அன்றைக்குத்தான் அது உடம்பில் எந்த வழியாக வருகிறது என்று தெரிந்தது. எனக்கு உள்ளங்காலில் இருந்து வந்தது.

"அப்ப அவர் எங்கே?" என்று கேட்டேன்.

"என் சைக்கிளு அங்கதான் நிக்கும். அவுரு தன்னுதத் தேடிகினு ஸ்டாண்டுல நின்னுகினு இருப்பாருங்க."

அப்படியேதான் நடந்திருந்தது. எல்லாரும் போன பிறகு ஒற்றையாக நின்ற சைக்கிளைப் பார்த்து, இதுதான் மாறிப்போனது என்று அதை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். வளைவுக்கு வந்து பார்த்தால் அவருடைய சைக்கிள் நொறுங்கிக் கிடக்கிறது. சுற்றி நின்றவர்களில் இவரைத் தெரிந்த ஒருவர், ஆவியைக் கண்ட மாதிரி இரண்டடி பின்னால் போனாராம். உன் சம்சாரம் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள் என்று அவர் சொல்லவும், அடித்துப் பிடித்து வந்து சேர்ந்தார். வாசலில் அந்த வழுக்கைத் தலையைப் பார்த்ததும் நான் எழுந்தேன்.

"எங்கே போய்த் தொலைஞ்சீங்க?"

"சைக்கிளைக் காணோம். தேடிட்டிருந்தேன்" என்றார் பாவமாக.

அதற்கு மேல் எனக்குத் திட்ட வரவில்லை. எல்லார் முன்னாலும் அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவரும் விடுவித்துக்கொள்ளவில்லை.

கொஞ்சம் தெளிந்த பிறகுதான் இன்னொரு விஷயம் உறைத்தது. அடிபட்ட சேதி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. யார் வீட்டுக்குப் போக வேண்டுமோ அந்த வீட்டுக்குப் போகவே இல்லை. "உன் வீட்ல யாருப்பா இருக்காங்க?" என்று கேட்டேன். மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு, சம்சாரம் மட்டும்தான் என்றான். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"நான் போய்ச் சொல்றேன்" என்றேன்.

"சொல்லுங்க. பயந்துரும், பாத்து சொல்லுங்க" என்றான். நாங்கள் திரும்பும்போது கூப்பிட்டான். "அப்புறம், அடுப்பாண்ட கூடையில கோழி அடைகாக்குதுங்க. அதுக்குத் தண்ணி வச்சி மூடச் சொல்லுங்க. பக்கத்து வூட்டுப் பூனை ஒண்ணு சுத்திகினே இருக்குது."

அவனுடைய சைக்கிளிலேயே போனோம். நான் கேரியரில். ரோட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் தானாகவே சைக்கிளை ஏணி மேல் விட்டார். கடகடவென்று குலுங்கியது.

"இடுப்பு?" என்று கத்தினேன்.

"இருக்கு, இருக்கு" என்று கத்தினார்.

கொஞ்ச தூரம் போனதும் நானே, "போதும், இறங்கித் தள்ளிட்டே வாங்க" என்றேன். டாக்டரும் வேண்டாம், நானும் வேண்டாம் என்று இரண்டு பேரும் செம்மண்ணில் சேறு மிதித்து நடந்தோம். ஏணி முடிந்த பிறகு மறுபடி ஏறிக்கொண்டோம்.

மந்தாரக்குப்பத்தில் செயின் கவரில் எழுதியிருந்த தெருவைக் கண்டுபிடித்தோம். தெரு முனையில் ஒரு பெட்டிக்கடை. அங்கே வந்ததும் எனக்குத் திடுக்கென்றது. "நிறுத்துங்க" என்று சொல்லிக் குதித்தேன். "சைக்கிளை இங்கேயே விடுங்க. தெருவுக்குள்ள கொண்டு வராதீங்க."

"ஏன்?"

"அவ புருஷன் சைக்கிளை வேற ஆளு ஓட்டிட்டு வர்றதை அவ பாக்க வேண்டாம்."

அவர் புரிந்துகொண்டார். அந்தச் சைக்கிளைக் கடைச் சுவரில் சாய்த்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டார். நான் மட்டும் வெறுங்காலோடு நடந்தேன். என்ன சொல்ல வேண்டும், எதை முதலில் சொல்ல வேண்டும் என்று வரிசை கட்டி வைத்திருந்தேன். எனக்கு யாராவது இந்த வரிசையில் சொல்லியிருக்கக் கூடாதா என்று இருந்தது.

சின்ன ஓட்டு வீடு. வாசலில் ஒரு பெண் உட்கார்ந்து முறத்தில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் அதை நிலக்கடலை என்போம். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"உன் வீட்டுக்காரர் நல்லா இருக்காரும்மா. உட்கார்ந்து காப்பி குடிச்சிட்டிருக்காரு" என்றேன். அதுதான் என் முதல் வாக்கியம். வழியெல்லாம் செதுக்கி வைத்தது.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "யாருங்க நீங்க? எங்க வூட்டுக்காரரா? அவுரு காப்பியே குடிக்க மாட்டாருங்களே."



"வேற யாராச்சும் இருப்பாங்க. வூடு மாறி வந்துட்டீங்க போல" என்று சிரித்துக்கொண்டே மறுபடி உட்காரப் போனாள்.

அன்றைக்கு மாறின வரைக்கும் போதாதா? "இல்லம்மா, உன் வீட்டுக்காரர்தான். சைக்கிள்ல இருந்து விழுந்துட்டாரு. தோள்ல சின்ன அடி. கட்டுப் போட்டிருக்கு. ஆஸ்பத்திரியில காப்பி கொடுத்தாங்க, குடிச்சாரு" என்று மளமளவென்று கொட்டினேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. முறம் சாய்ந்து கடலை தரையில் உருண்டது. அவள் முகம் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் என் முகம் எப்படி இருந்திருக்குமோ அப்படி ஆகிக்கொண்டு வந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"நெசத்தச் சொல்லுங்க. உசுரு இருக்குதுங்களா?"

நான் கேட்ட அதே கேள்வி. நல்லா இருக்கிறார், நல்லா இருக்கிறார் என்று இன்னும் பத்துத் தடவை சொன்னாலும் அவள் நம்பப் போவதில்லை என்று தெரிந்தது. செத்துப்போனவர்களைப் பற்றியும் முதலில் அப்படித்தானே சொல்வார்கள்.

அப்போதுதான் நினைவு வந்தது. "அடுப்பாண்ட கூடையில கோழி அடைகாக்குதாமே? அதுக்குத் தண்ணி வச்சு மூடச் சொன்னாரு. பக்கத்து வீட்டுப் பூனை சுத்துதாம்."

 அவள் நெஞ்சில் கையை வைத்து ஒரு நீள மூச்சு விட்டாள்.

"அடிபட்டுக் கெடக்கறப்பவும் கோழியப் பத்திப் பேசிகினு கெடக்குதா அந்த மனுசன்?" என்று ஒரு அதட்டல் போட்டாள். அதோடு உட்கார்ந்து அழுதாள். நல்ல அழுகை. நான் பக்கத்தில் உட்கார்ந்து உருண்ட கடலையைப் பொறுக்கி முறத்தில் போட்டேன். எனக்கு அன்றைக்கு இரண்டாம் தடவையாக மூச்சு சீரானது.

அழுது முடித்து, முகத்தைக் கழுவி, உள்ளே போய்க் கோழிக்குத் தண்ணீர் வைத்து, மேலே இன்னொரு கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் ஒரு கல்லையும் தூக்கி வைத்துவிட்டுத்தான் அவள் கிளம்பினாள். பெட்டிக்கடைக்காரர் தன் சைக்கிளில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். நாங்கள் டவுன் பஸ் பிடித்து வீடு வந்தோம். ஆறிப்போன சாதத்தில் ரசத்தை ஊற்றி இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். கட்டிக் கொடுக்க முடியாத ரசத்தை வீட்டிலாவது வைத்தது நல்லதாய்ப் போயிற்று என்று எனக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு சங்கத்துக்காரர்கள் மறுபடி போனார்கள். நெளிந்த எங்கள் சைக்கிளையும் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த அதிகாரி இந்தத் தடவை, "உங்களுக்காகத்தான் போட்டிருக்கு" என்று சொல்லவில்லை. நேரில் வந்து வளைவில் நின்று பார்த்துவிட்டுப் போனார். வெயில் வந்ததும் ஆட்கள் வந்து ஏணியைக் கொத்தி எடுத்து, உள்பக்கமாகத் தள்ளிப் போட்டார்கள். வெளியே இருந்த செம்மண்ணில் சரளை கொட்டிக் கெட்டித்து, ஒரு சைக்கிள் தாராளமாகப் போகிற அகலத்துக்குத் தார் ஊற்றினார்கள். இப்போது லாரி தூங்கினால் ஏணி எழுப்பும், சைக்கிள் அதற்கு வெளியே தன்பாட்டுக்குப் போகும். பொய்ப்பல் பெரியவர் வாய் நிறையப் பல்லோடு வேலைக்குப் போனார். நான் டிபன் கேரியரில் ரசம் கட்டினேன். முதல் நாள் அவர் காலியான அடுக்கைத் திறந்து காட்டிவிட்டுக் கால்சட்டையையும் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

பூட்டு மட்டும் மாறவில்லை. சைக்கிள்கள் பழையபடியே மாறிக்கொண்டிருந்தன. அந்த மந்தாரக்குப்பத்துப் பையன் தோள் கூடியதும் வீட்டுக்கு வந்தான், கையில் ஒரு கூடை. உள்ளே இரண்டு கோழிக்குஞ்சு.

எனக்கு வேறொன்று மிச்சமானது. சில நாள் இவருக்கு அடுத்த ஷிப்ட்டும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும். வீட்டுக்கு வருகிற யாரிடமாவது சொல்லி அனுப்புவார். முன்பெல்லாம், "உங்க வீட்டுக்காரர் வர நேரமாகும்னாரு" என்று யாராவது வாசலில் வந்து சொன்னால் அவர் வருகிறவரை நான் வாசலிலேயே நிற்பேன். அதற்குப் பிறகு அவர் வெறுமனே சொல்லி அனுப்புவதில்லை. கோழிக்குத் தண்ணீர் வைக்கச் சொன்ன பையன் மாதிரி, கூடவே ஒரு வேலையும் சேர்த்து அனுப்புவார். தொட்டியில் தண்ணீர் பிடித்து வைக்கச் சொன்னார், பலாமரத்தடியில் கிடக்கிற கடப்பாரையை எடுத்து உள்ளே போடச் சொன்னார், காக்கிச் சட்டைக்குப் பட்டன் தைக்கச் சொன்னார். சொல்ல வந்தவர் சங்கடத்தோடு சொல்லுவார். "அங்கே இருந்துகிட்டே அதிகாரம் பண்றதைப் பாரு" என்று சத்தமாகத் திட்டுவேன். திட்டிக்கொண்டே போய் அந்தக் கடப்பாரையை எடுத்து உள்ளே போடுவேன்.